ஞானமுத்துவா ஷாஜகானா

இப்பச் சொன்னீங்களே சார், "இந்த ஏழாம் நம்பர் மாதிரி ஒருத்தன் இந்த கிரவுண்டுல இதுவரைக்கும் ஆடியிருக்க மாட்டான்"னு, அத ஒரு ரெண்டு வருசத்துக்கு முன்னாடி இதே படியில உக்காந்து சொல்லியிருந்தீங்கன்னா உங்கள வீட்டுக்கு விட்டிருக்க மாட்டோம். டீ வாங்கிக் குடுத்து, பக்கத்துல உக்கார வச்சு, சொன்னது தப்புன்னு நீங்களே ஒத்துக்குற வரைக்கும் பேசியிருப்போம். நான் ஒரு பக்கம், அமலதாஸ் ஒரு பக்கம். இப்ப நான் மட்டும்தான். தப்பிச்சீங்க.

இல்ல, நல்லாத்தான் ஆடுறான். நான் இல்லங்கல. ஆனா இந்த ஊர்ல அம்பது வருசமா பாஸ்கெட்பால் டோர்னமெண்ட் நடக்குது. எத்தன டீம், எத்தன பேரு. அதுல பெரிய ஆட்டக்காரன் யாருன்னு கேட்டா ரெண்டே ரெண்டு பேருதான். ஒண்ணு ஷாஜகான். இன்னொண்ணு ஞானமுத்து. அதுக்கு மேல மூணாவது பேரச் சொன்னா நாங்க சிரிப்போம்.

அடுத்த ஆட்டத்துக்கு இன்னும் முக்கால் மணி நேரம் ஆகும் சார். அந்த டீம் வந்த வேன் கொடை ரோட்டுல நின்னு போச்சாம், மைக்குல சொன்னாங்கள்ல. அவசரம் ஒண்ணும் இல்லையே? சரி.

என் பேரு தெய்வநாயகம். மின்வாரியத்துல கிளார்க்கு. இப்ப ரிட்டயர்டு. எம்பத்தேழுல இந்த ஊருக்கு மாத்தலாகி வந்தேன். எனக்குப் பந்தத் தரையில தட்டக்கூட வராது. ஆனா கையெழுத்து நல்லா இருக்கும். டோர்னமெண்ட் செயலாளர் வரதராஜ் அண்ணன் கனெக்‌ஷன் விசயமா எங்க ஆபீசுக்கு வந்தவரு, நான் எழுதுறதப் பாத்துட்டு, "தம்பி, சாயங்காலம் கிரவுண்டுக்கு வாங்க"ன்னாரு. வந்தேன். அதோ தெரியுதுல்ல, நடுக்கோட்டுக்கு நேரா கோர்ட்டு ஓரத்துல அந்த மேசை, அங்க உக்கார வச்சுட்டாரு. எந்த நம்பர் எத்தன பாயிண்ட் போட்டான், யாரு எத்தன ஃபவுல், எந்த நிமிசத்துல. எல்லாம் ஸ்கோர்ஷீட்டுல ஏறணும். இருபத்தெட்டு வருசம் எழுதினேன் சார். ஒவ்வொண்ணுக்கும் கார்பன் காப்பி வச்சிருக்கேன், வீட்டு பீரோவுல. அடிச்சுத் திருத்துனது ஒண்ணுகூட இருக்காது.

ஷாஜகான் இங்க பதினோரு வருசம் ஆடுனாரு. நாப்பத்தோரு ஆட்டம். ஆட்டத்துக்குச் சராசரி இருபத்தேழு பாயிண்ட். ஒரு செமி ஃபைனல்ல அம்பது. அம்பது சார்! இந்த கிரவுண்டுல அம்பது போட்டவன் வேற எவனும் கிடையாது. ஆறடி ஆறங்குலம். அவரு எம்புனா ரிங்கு இறங்கி வந்து அவர் கையில உக்காரும். இதெல்லாம் நான் சும்மா சொல்லல, பேப்பர்ல இருக்கு.

அமலதாசு ஆளு ஞானமுத்து. எனக்கு முந்துன காலம். ரயில்வே டீம். அஞ்சடி பத்து அங்குலந்தான். கோர்ட்டு அப்ப சிமெண்டு, காலுல கேன்வாஸ் ஷூ. மூணு பாயிண்ட் கோடே கிடையாது அப்ப, எங்கேருந்து போட்டாலும் ரெண்டுதான். ஸ்கோர்ஷீட்டெல்லாம் கரையான் தின்னுருச்சு. அதனால ஞானமுத்து எத்தன போட்டாருன்னு எவனுக்கும் தெரியாது. அமலதாசு வாய்தான் சாட்சி.

அமலதாஸ் இங்க ஹைஸ்கூல்ல லேப் அசிஸ்டெண்ட். நான் மேசையில உக்காந்த மொத நாளே பின்னாடி வந்து நின்னு, "யோவ் கிளார்க்கு, இந்த ஷீட்டுல ஞானமுத்து பேரு ஏறியிருந்தா உன் பேனா மை தீந்திருக்கும்யா"ன்னான். அன்னைக்கு ஆரம்பிச்சது. முப்பது வருசம்.

ஒரு காலத்துல ஏழு பேரு இருந்தோம் சார் இந்தப் படியில. ஒருத்தன் திருப்பூர் போனான், ஒருத்தன் செத்துப்போனான், ஒருத்தனுக்கு முட்டி வலி. கடைசில நாங்க ரெண்டு பேருதான். டோர்னமெண்டு மே மாசம் எட்டு நாளு. எங்க ஆட்டம் வருசம் பூரா. தினமும் சாயங்காலம் ஸ்கூல் முன்னாடி இருக்குற டீக்கடை. காலையில பல்லு வெளக்குறதுக்கு முன்னாடி போன் வரும். "கிளார்க்கு, நேத்து ஒண்ண விட்டுட்டேன். உன் ஷாஜகான எத்தன பேரு சேந்து மறிச்சாங்க? ரெண்டு பேரு. ஞானமுத்துவ மூணு பேரு மறிச்சாங்கய்யா." வச்சிருவான். நான் டீக்கடை வரைக்கும் பதில யோசிச்சுக்கிட்டே போவேன்.

எங்கப்பா செத்தப்ப சுடுகாட்டுக்கு வந்திருந்தான். கொள்ளி வச்சுட்டுத் திரும்புறேன், கண்ணுல தண்ணி நிக்கல. பக்கத்துல வந்து தோள்ல கை போட்டு, காதுல, "ஷாஜகான் ஃப்ரீ த்ரோ எத்தன பெர்சண்ட்டுய்யா?"ங்குறான். எனக்குச் சிரிப்பு வந்துருச்சு சார். எங்க சித்தப்பா இன்னைக்கு வரைக்கும் எங்கூடப் பேசுறதில்ல. எழுவத்தி நாலு பெர்சண்ட்.

எனக்குக் குடலிறக்க ஆபரேசன் பண்ணினப்ப நாலு நாளும் ஆஸ்பத்திரில அவன்தான் இருந்தான். என் வீட்டுக்காரி அப்ப பெங்களூருல, மகன் வீட்டுல. பேரப்பிள்ளையப் பாத்துக்கப் போனவ. ஆறு வருசம் ஆச்சு, அங்கயே இருக்கா. அவளுக்கு அந்த க்ளைமேட் ஒத்துக்கிருச்சு. நான் எங்க, இங்க கிரவுண்ட விட்டுட்டுப் போறது? அவளும் வான்னு கூப்பிடல, நானும் வான்னு கூப்பிடல. அது ஒண்ணும் பிரச்சன இல்ல சார். நல்லாத்தான் இருக்கோம்.

ஆனா அமலதாசுகிட்ட ஒரு கெட்ட வழக்கம். பேச்சுல நான் ஜெயிக்கப் போறேன்னு தெரிஞ்சா போதும், ஒரே ஒரு ஆயுதத்த எடுப்பான். "நீ பாத்தியா? பாக்கல இல்ல? நான் பாத்தேன்." எம்பத்தி நாலாம் வருசம் ஃபைனல். ரயில்வே ஒரு பாயிண்ட் பின்னாடி. நாலு செகண்டு இருக்கு. ஞானமுத்து பந்த வாங்கி, நடுக்கோட்டத் தாண்டி ஒரே அடி வச்சு, அங்கேருந்து விட்டாராம். பந்து ரிங்குல மூணு சுத்து சுத்துச்சாம். அமலதாஸ் அதச் சொல்றப்ப ஆள்காட்டி விரல மேல தூக்கி ஒரு சுத்து, ரெண்டு சுத்து, மூணுன்னு மெதுவாச் சுத்துவான். டீக்கடையே மூச்சுப் பிடிச்சுப் பாக்கும். அப்பறம் விரல அப்படியே கீழ இறக்குவான். "விழுந்துச்சு."

"நீ அப்ப எங்கய்யா இருந்த?"ன்னு கேட்டா, "மேக்கால கேலரி, மூணாவது படி, வேப்பமரத்து நெழலு"ம்பான். அவ்வளவு துல்லியம். நான் எம்பத்தேழுல வந்தவன், என்ன பேச முடியும்? என் நாப்பத்தோரு ஷீட்டும் அந்த ஒத்த விரலுக்கு முன்னாடி நிக்காது சார். போதாததுக்கு, "நீ பேப்பரப் பாத்துக் குனிஞ்சே இருந்தவன்யா, ஆட்டத்த எங்க பாத்த?"ன்னு வேற சொல்லுவான். எல்லாரும் சிரிப்பாங்க. முப்பது வருசம் சிரிச்சிருக்காங்க.

பொன்விழா வருசம் வந்துச்சு. பெரிய விழாவாப் பண்ணணும், மலர் போடணும், அம்பது வருசத்துல ஆகச் சிறந்த ஆட்டக்காரர்னு ஒருத்தர் படத்த அட்டையில போடணும்னு கமிட்டில முடிவாச்சு. யாரப் போடுறது? எங்க சண்டை ஊருக்கே தெரியுமே. மேடையில ரெண்டு பேரையும் ஆளுக்குப் பத்து நிமிசம் பேச விடுவோம், அப்பறம் ஜனங்க கை தூக்கட்டும்னுட்டாங்க. அமலதாசுக்கு ஒரே குஷி. தூத்துக்குடியில கட்டிக் குடுத்த மக ரெஜினாவுக்கு போன் போட்டு, மாப்பிள்ள, சம்பந்தியம்மா, பேத்தி எல்லாரையும் வரச் சொல்லிட்டான். பொஞ்சாதி செத்து நாலு வருசம் ஆயிருந்துச்சு, அவனுக்கு அந்தப் பொண்ணுதான் எல்லாம்.

மலருக்குப் பழைய விசயம் தேடணும்னு என்கிட்ட ஒரு டிரங்குப் பெட்டியக் குடுத்தாங்க. வரதராஜ் அண்ணன் காலமாயிட்டாரு, அவரு வீட்டுல இருந்த டோர்னமெண்ட் காகிதமெல்லாம் அதுல. ரெண்டு நாளு தூசி தட்டுனேன். அதுல ஒரு போஸ்ட் கார்டு. அமலதாஸ் கையெழுத்து. எனக்கு மனப்பாடம், சொல்றேன் கேளுங்க.

"அன்புள்ள அண்ணனுக்கு. நான் இந்த ஆஸ்பத்திரியில் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. இன்னும் ஐந்து மாதம் இருக்க வேண்டும் என்கிறார்கள். இருமலில் ரத்தம் வருவது நின்றிருக்கிறது. ஊரில் திருச்சியில் வேலை என்று சொல்லியிருக்கிறேன். தாங்களும் அப்படியே சொல்லவும். நேற்று இறுதி ஆட்டம் முடிந்திருக்கும். ஞானமுத்து ஆடினாரா? யார் ஜெயித்தது? இங்கே ஆட்டத்தைப் பற்றிப் பேச ஒருவரும் இல்லை. அ. அமலதாஸ், வார்டு 6."

மேல ஆஸ்பத்திரி பேரு. மதுரைக்குப் பக்கத்துல உள்ள காசநோய் ஆஸ்பத்திரி. தேதி, இருபத்தெட்டு அஞ்சு எம்பத்தி நாலு. ஃபைனலுக்கு மறுநாள்.

நான் தேதியத்தான் சார் பாத்தேன். தேதியப் பாத்ததும் எனக்கு எப்படி இருந்துச்சுங்குறீங்க! இவன் பாக்கவே இல்ல. மேக்கால கேலரியும் இல்ல, வேப்பமரமும் இல்ல. முப்பது வருசமா என் வாய அடைச்சது ஒரு பொய்யி. கார்ட சட்டப் பையில வச்சுக்கிட்டேன். விழாவுக்குப் பத்து நாள் இருந்துச்சு. அந்தப் பத்து நாளும் வழக்கம்போல டீக்கடைக்குப் போனேன், சண்டை போட்டோம். அவன் விரலச் சுத்துனான். நான் ஒண்ணும் காட்டிக்கல. மேடைக்குன்னு வச்சிருந்தேன்.

தனியாக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாமேன்னு நீங்க நெனைக்குறீங்க. எல்லாரும் அதத்தான் சொல்றாங்க. தனியா வச்சா சார் அவன் அந்தக் கதையச் சொன்னான்? ஊருக்கு முன்னாடிதான சொன்னான்?

விழா அன்னைக்கு அவன்தான் மொதல்ல பேசுனான். இங்கதான், கோர்ட்டு நடுவுல மேடை. வெள்ளச் சட்ட, புதுச் செருப்பு. அந்த மாதிரி அவன் பேசி நானே கேட்டதில்ல. அமெரிக்காவுல ஜோர்டான் பெருசா லெப்ரான் பெருசான்னு போன வச்சு அடிச்சுக்குற பசங்க இருக்காங்கள்ல, அவங்கெல்லாம்கூட போன உள்ள வச்சுட்டுக் கேட்டாங்க. விரல் மூணு சுத்து சுத்தி இறங்குனதும் ஆயிரம் பேரு எந்திரிச்சுக் கை தட்டுனாங்க. அவன் இறங்கிப் போய் முன் வரிசையில உக்காந்து பேத்தியத் தூக்கி மடியில வச்சுக்கிட்டான்.

நான் மேலே போனேன். நாப்பத்தோரு ஷீட்டையும் காட்டுனேன். சராசரி சொன்னேன், அம்பது பாயிண்டச் சொன்னேன். ஜனங்க கொட்டாவி விட்டாங்க. அப்பறந்தான் பையில கை விட்டேன். "நான் பாத்தேன் நான் பாத்தேன்னு சொன்னவரு பாக்கல. இது அவரு கைப்பட எழுதுனது"ன்னு கார்ட வாசிச்சேன். முழுசா வாசிச்சேன் சார். ஆஸ்பத்திரி பேரு, வார்டு நம்பர் எல்லாம். பாதிய வாசிச்சா நான் எதையோ மறைச்ச மாதிரி ஆயிருமே.

மைக்குக்குள்ள என் மூச்சு எனக்கே கேக்குது. சம்பந்தியம்மா எந்திரிச்சு, அமலதாசு மடியிலேருந்த பிள்ளைய வாங்கித் தன் மடியில வச்சுக்கிட்டாங்க. முப்பத்திமூணு வருசத்துக்கு முன்னாடி வந்து சரியாப்போன நோய் சார், இப்பப் போய் ஒட்டுமா? விவரம் இல்லாத பொம்பள. ரெஜினா அப்பா மொகத்தையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. அதுக்கும் அன்னைக்குத்தான் தெரியுமாம். செத்துப்போன பொஞ்சாதிக்குக்கூடச் சொல்லலியாம் அவன்.

அவன் எந்திரிச்சான். கண்ணாடியக் கழட்டித் தொடச்சான். "ஆமா. அது என் கையெழுத்துதான்"னு சொல்லிட்டு உக்காந்துட்டான்.

அந்தக் கார்டுக்கு அடியில சிவப்பு மையில வரதராஜ் அண்ணன் ஒரு வரி எழுதி வச்சிருந்தாரு. "ஞாயிறு நேரில் போய் முழு ஆட்டமும் சொன்னேன். திரும்பவும் கேட்டான், இரண்டாம் தடவையும் சொன்னேன்." அத நான் வாசிக்கல. பத்து நிமிசம் முடிஞ்சு மணி அடிச்சுட்டாங்க.

கை தூக்கச் சொன்னாங்க. ஷாஜகானுக்குக் கொஞ்சம் கை. ஞானமுத்துவுக்கு ஒண்ணு ரெண்டு. பாதிப் பேரு தூக்கவே இல்ல. ஷாஜகான் படந்தான் அட்டையில வந்துச்சு. ஜெயிச்சுட்டேன்.

இறங்கி வந்தேன். அமலதாஸ் எங்கிட்ட வந்தான். அடிப்பான்னு நெனச்சேன். அடிச்சிருந்தா நானும் ரெண்டு குடுத்துருப்பேன், மறுநாள் டீக்கடையில சரியாப் போயிருக்கும். அவன் கைய நீட்டி, "அந்தக் கார்ட எங்கிட்டக் குடுத்துர்றீங்களா?"ன்னான்.

குடுத்துர்றீங்களா. முப்பது வருசத்துல மொதத் தடவ சார். யோவ், கிளார்க்கு, வாய்யா, போய்யா. என் பேரே அவனுக்கு மறந்து போயிருக்கும்னு நெனச்சிருந்தேன். குடுத்தேன். "நன்றிங்க"ன்னு வாங்கிக்கிட்டுப் போயிட்டான்.

அடுத்த மாசம் வீட்டக் காலி பண்ணிட்டு தூத்துக்குடிக்குப் போயிட்டான். ஊர்ல பாக்குறவங்கெல்லாம், "இப்ப உடம்பு பரவாயில்லயா?"ன்னு கேக்க ஆரம்பிச்சாங்களாம். நல்ல எண்ணத்துலதான கேக்குறாங்க? அதுக்குப் போயி ஊர விட்டுப் போவாங்களா?

நான் போன் பண்ணல. நான் ஏன் பண்ணணும்? பொய் சொன்னவன் அவன். தேதி தப்பா? கையெழுத்து தப்பா? அவனாப் பண்ணட்டும்னு இருந்தேன். காலையில அஞ்சரைக்கு முழிப்பு வந்துரும். போனப் பக்கத்துல வச்சுக்கிட்டே பல்லு வெளக்குவேன். டீக்கடையில வேற ஆளுங்ககூடப் பேசிப் பாத்தேன். "நீங்க சொன்னா சரியா இருக்கும் சார்"ங்குறாங்க. சரியா இருக்கும்னு சொன்னா அதுக்கு மேல என்ன பேசுறது சொல்லுங்க? போன வருசம் மே மாசம் டோர்னமெண்டு வந்துச்சு. இதே படியில எட்டு நாளும் உக்காந்தேன். பசங்ககிட்ட ஷாஜகானப் பத்திச் சொன்னேன். "சூப்பர் அங்கிள்"னாங்க. எந்திரிச்சுப் போயிட்டாங்க.

ஒரு நாளு வீட்டுல ரசத்தத் தாளிச்சுக்கிட்டு இருக்கேன், "அப்ப எதிர் டீம்ல உயரமான ஆளு யாருய்யா இருந்தான்?"னு சத்தமாக் கேக்குறேன். நானே. அமலதாசு கொரல்ல. பதிலும் நானே சொல்றேன். அடுப்ப அணைச்சுட்டு உக்காந்துட்டேன்.

அப்பறம் ஒரு காரியம் செஞ்சேன். மதுரைக்குப் போயி, லைப்ரரில பழைய பேப்பரெல்லாம் கட்டிப் போட்டிருப்பாங்கள்ல, அதக் கேட்டு வாங்கி உக்காந்தேன். கட்டெல்லாம் தேதி மாறிக் கெடந்துச்சு, ஒரு நாள்ல கிடைக்கல. நாலு மாசத்துல ஒம்பது தடவ போனேன். ஒம்பதாவது தடவ கிடைச்சுச்சு. எம்பத்தி நாலு, மே இருபத்தொம்பது, எட்டாம் பக்கம், அடியில நாலே வரி. ரயில்வே ஒரு பாயிண்டுல ஜெயிச்சுச்சு. ஞானமுத்து முப்பத்தெட்டு பாயிண்ட். கடைசி விநாடியில மைதானத்தின் மத்தியிலிருந்து எறிந்து வெற்றி தேடித் தந்தார்னு போட்டிருக்கான். முப்பத்தெட்டு சார், மூணு பாயிண்ட் கோடு இல்லாம! இது அமலதாசுகிட்டயே இல்லாத ஆதாரம். இத மட்டும் அவன் கையில குடுத்தா என்னைக் கிழிச்சுத் தொங்கப் போட்டுருவான். ஜெராக்ஸ் எடுத்துக்கிட்டு, இந்த ஜனவரில தூத்துக்குடி பஸ் ஏறிட்டேன். வழி பூரா அவன் என்னென்ன சொல்லுவான்னு நெனச்சு எனக்கு நானே சிரிச்சுக்கிட்டே போனேன்.

ரெஜினாதான் கதவத் தொறந்துச்சு. "அங்கிள்"னுச்சு. மாடிப் பக்கம் கையக் காட்டுச்சு. கீழ சம்பந்தியம்மா, மாப்பிள்ள எல்லாம் இருக்காங்க. மாடியில தனி ரூம் போட்டுக் குடுத்திருக்காங்க அவனுக்கு. கட்டில், ஃபேன், ஷெல்ஃபுல அவனுக்குன்னு ஒரு தட்டு, ஒரு டம்ளர், எல்லாம் தனியா. யாரு தொந்தரவும் இல்ல. வசதியாத்தான் இருக்கான்.

"வாங்க"ன்னு எந்திரிச்சான். "உக்காருங்க. பிரயாணமெல்லாம் சௌகரியமா இருந்துச்சா?"

"யோவ், என்னய்யா வாங்க போங்கங்குற?"ன்னேன். சிரிச்சான்.

நான் அந்த ஜெராக்ஸ எடுத்து நீட்டுனேன். கண்ணாடி போட்டு வாசிச்சான். ரெண்டு தடவ வாசிச்சான். இப்ப ஆரம்பிப்பான்னு நிமிந்து உக்காந்தேன். அவன் அத மடிச்சு, மடிச்ச மடிப்பு மேலயே மறுபடி நகத்தால நீவி, திருப்பி எங்கிட்டயே குடுத்தான்.

"நல்லாத் தேடியிருக்கீங்க. ஆனா ஷாஜகான்தான் பெரிய ஆட்டக்காரர். நீங்க சொன்னதுதான் சரி."

"என்னய்யா சரி? முப்பத்தெட்டு பாயிண்ட்டுய்யா! கோடு இல்லாம!"

"இருக்கட்டுங்க. பதினோரு வருசம் ஆடுனவரும் ஒரு ஃபைனல் ஆடுனவரும் ஒண்ணாகுமா? நான் யோசிச்சுப் பாத்தேன். உங்க பக்கந்தான் நியாயம்."

சார், முப்பது வருசமா இந்த வார்த்தைக்குத்தான் காத்துக்கிட்டிருந்தேன். வந்ததும் அது எனக்கு வேணாம்னு ஆயிருச்சு. அவன் வாய்லேருந்து எதையாவது புடுங்கணும்னு நான் பேச ஆரம்பிச்சேன். ஷாஜகானுக்கு இடது கை வராதுன்னேன். "இருக்கலாங்க"ன்னான். பெரிய ஆட்டத்துல அவருக்குக் கை நடுங்கும்னேன், ரெண்டு ஃபைனல் கோட்டை விட்டாருன்னேன். "எல்லாருக்கும் உள்ளதுதானங்க"ன்னான். எனக்கு வேற ஒண்ணும் தோணல. சொல்லிட்டேன்.

"அமலதாசு, அந்த அம்பது பாயிண்ட் பொய்யிய்யா."

நிமிந்து பாத்தான்.

"நாப்பத்தெட்டுதான். கடைசிக் கூடைய ஒம்பதாம் நம்பர் பையன் தட்டி உள்ள போட்டான். நான்தான் ஷாஜகான் நம்பர்ல எழுதிட்டேன். அம்பது ஆகணும்னு எழுதிட்டேன். எவனும் கவனிக்கல. அந்தப் பையன் மட்டும் மேசைக்கு வந்து ஷீட்டப் பாத்துட்டு என் மொகத்தப் பாத்தான். ஒண்ணும் சொல்லாமப் போயிட்டான்."

அதுவரைக்கும் இத நான் யாருகிட்டயும் சொன்னதில்ல சார். என் வீட்டுக்காரிக்குத் தெரியாது. இத மட்டும் முன்ன சொல்லியிருந்தேன்னா அமலதாசு டீக்கடை பெஞ்சு மேல ஏறி நின்னு ஆடியிருப்பான். பத்து வருசத்துக்கு என்னைத் தெருவுல நடக்க விட்டிருக்க மாட்டான். அதான் எனக்கு வேணும். அதுக்குத்தான் சொன்னேன்.

அவன் எந்திரிச்சான். அப்பறம் மாடிப்படிப் பக்கம் எட்டிப் பாத்தான், யாராவது நிக்குறாங்களான்னு. கொரலத் தணிச்சு, "இத வேற யாருகிட்டயும் சொல்லாதீங்க"ன்னான். "இருபத்தெட்டு வருசம் மேசையில உக்காந்திருக்கீங்க. வெளிய தெரிஞ்சா உங்களுக்கு அசிங்கம். எங்கிட்டச் சொன்னதோட இருக்கட்டும். நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்."

நான் அந்த ஜெராக்ஸ சட்டப் பையில வச்சுக்கிட்டேன். ரெஜினா காப்பி கொண்டாந்துச்சு. எனக்கு எவர்சில்வர் டம்ளர்ல. அவனுக்கு அந்த ஷெல்ஃபுல இருந்தத எடுத்து ஊத்துச்சு. குடிச்சோம். பஸ்சுக்கு நேரமாச்சுன்னேன். இருங்க, சாப்பிட்டுப் போங்கன்னு ஒரு தடவ சொன்னான். ஒரே தடவ.

பஸ் ஸ்டாப் வரைக்கும் கூட வந்தான். மத்தியானம் மூணரை மணி, நல்ல வெயிலு. எதுத்தாப்புல ஒரு கான்வென்ட் ஸ்கூலு, கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் பொம்பளப் பிள்ளைங்க பாஸ்கெட்பால் ஆடுதுங்க. நாங்க ரெண்டு பேரும் பாத்துக்கிட்டு நின்னோம். ஒரு குட்டைப் பிள்ள, ரெட்டச் சடை, ரெண்டு பேருக்கு நடுவுல பூந்து, வலது கையில போடப்போற மாதிரி காட்டிட்டு எடது கையில போட்டுச்சு பாருங்க! பந்து போர்டுலகூட படல. வலை மட்டும் ஆடுச்சு. அந்த மாதிரி ஒண்ண எங்க டோர்னமெண்டுலயே அபூர்வமாத்தான் பாக்கலாம்.

நான் வாயத் தொறந்தேன். அவனைத் திரும்பிப் பாத்தேன். அவன் ரோட்டப் பாத்துக்கிட்டிருந்தான், பஸ் வருதான்னு. நான் மூடிக்கிட்டேன்.

இருபது நிமிசம் நின்னோம் சார். அந்தப் பிள்ள இன்னும் நாலு கூடை போட்டுச்சு. ரெண்டு பேரும் ஒரு வார்த்த பேசல.

பஸ் வந்துச்சு. "ஏறுங்க, எடம் இருக்கு"ன்னான். ஏறுனேன். ஜன்னலோர சீட்டு கிடைச்சுச்சு. பஸ் கிளம்புனப்பறம் திரும்பிப் பாத்தேன். அவன் வீட்டுக்குப் போகல. வேலிகிட்டப் போயி, ரெண்டு கையாலயும் கம்பியப் பிடிச்சுக்கிட்டு, உள்ள பாத்துக்கிட்டு நின்னான். உதடு அசையுற மாதிரி இருந்துச்சு. யாருகிட்டயோ எதையோ சொல்ற மாதிரி. பக்கத்துல யாரும் இல்ல. அதுக்குள்ள பஸ் திரும்பிருச்சு.